புள்ளியியல் வளர்த்த மகாலனோபிஸ்

நம் தமிழ் மன்றத்திற்கு ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் தம்பி தங்கையர் கேட்கும் கேள்விகள் பல. இட்டிலி எங்கே கிடைக்கும், வங்காளி பேச எத்தனை மாதம் பிடிக்கும் என்பன போன்றவற்றுக்கு உடனே விடை கூறிவிடலாம். ஒரு கேள்விக்கு மட்டும் அவ்வாறு விடை கூற இயலுவதில்லை. கணிதம் படிப்பதா, புள்ளியியல் படிப்பதா, எதைப் படித்தால் வாழ வழி கிடைக்கும் என்பதே அது.

நான் தென்பாண்டிச் சீமையில் ஒரு சிறு கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்று, புள்ளியியலில் முதுகலை பயில இக்கல்கத்தா நகருக்கு வந்தவன். என் தந்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். எனக்குப் பின் ஒரு தங்கையும் ஒரு தம்பியும் இருக்கின்றனர். ஆகவே, வேலையைப் பற்றி எண்ணுவது கல்விக்கு இழுக்கு என்று கூறுவோர் கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். வயிற்றுக்கு வழி தேடிய பிறகே வானத்து மீனை எண்ண முடியும் என்பது என் வீடு எனக்குக் கற்பித்த பாடம்.

ஆயினும், இக்கேள்விக்குச் சம்பளப் பட்டியலைக் கொண்டு மட்டும் விடை காண்பது போதாது. ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விடை காண முயல்வோம். அவர் நாம் வாழும் இந்நகரிலேயே பிறந்து, இந்நகரிலேயே மறைந்தவர். புள்ளியியல் என்றால் இன்னதென்று இந்நாட்டார் அறியாத காலத்தில் அதனை ஓர் அறிவியலாகவும் ஒரு தொழிலாகவும் ஆக்கியவர். பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் என்பது அவர் பெயர்.

பிறப்பும் கல்வியும்

மகாலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள விக்கிரமபுரத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தவர். மருந்துக் கடை வைத்து முன்னேறியவர். பிரம்ம சமாசத்தில் ஈடுபட்டு, ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் கைம்பெண் ஒருவரை மணந்தவர். அத்தகைய குடும்பத்தில் பிறந்த பேரனுக்குப் பழைய வழியை விட்டுப் புதிய வழியில் நடக்கும் துணிவு பிறவியிலேயே வந்தது எனலாம்.

பிரம்ம சமாசப் பள்ளியில் பயின்று 1908-இல் மெட்ரிக் தேறினார். பின்னர் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து 1912-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அக்காலத்தில் அங்கு ஆசிரியர்களாக விளங்கினர். மேகநாத சாகா அவருக்குப் பின்வகுப்பு மாணவர். இத்தகையோர் நடுவே பயின்றும், அவர் மனத்தில் புள்ளியியல் என்னும் எண்ணம் எழவில்லை. எழுவதற்கும் வழியில்லை. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அந்நாளில் அப்படியொரு துறையே இல்லை.

1913-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவர் நோக்கம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மெய்ம்மறந்து நின்றுவிட்டார். திரும்பும் இரயில் போய்விட்டது. அன்றிரவு ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். அந்நண்பர் அங்கேயே சேரலாமே என்று கூற, மறுநாள் கிங்ஸ் கல்லூரியில் விண்ணப்பித்து இடமும் பெற்றார். 1914-இல் கணித டிரைப்பாசின் முதற்பகுதியையும், 1915-இல் இயற்பியல் பகுதியையும் முடித்தார். இயற்பியலில் முதல் வகுப்பு. ஓர் இரயிலைத் தவறவிட்டது அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது.

இராமானுசனும் ஒரு தெருக் கணக்கும்

தமிழராகிய நமக்கு இவ்விடத்தில் ஓர் உறவு உண்டு. 1914-இல் கும்பகோணம் தந்த கணித மேதை இராமானுசன் கேம்பிரிட்ஜ் வந்து டிரினிடி கல்லூரியில் தங்கினார். மகாலனோபிஸ் அவருக்கு நண்பரானார். ஒருநாள் இராமானுசனின் அறைக்குச் சென்றபோது, இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று அவர் கூறக் கேட்டார். படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. இராமானுசனோ அவற்றின் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று அறியாமல், மேலேயே படுத்து மேலங்கியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே படுக்கும் முறையை வங்காள நண்பர் காட்டிக் கொடுத்தார். விடுதிக்கு வந்த முதல் மாதத்தில் எத்தனையோ சிறு செய்திகளில் திகைத்து நின்ற நமக்கு இது சிரிப்பை மட்டும் தருவதன்று.

மற்றொரு நிகழ்ச்சி நம் கேள்விக்கு மிக நெருங்கியது. ஸ்டிராண்ட் என்னும் இதழில் ஒரு புதிர் வந்திருந்தது. ஒரு தெருவில் ஒரே வரிசையில் 1, 2, 3 என்று எண்ணிட்ட வீடுகள் உள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அப்படியானால் அவ்வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்து விடை கண்டார். 288 வீடுகளில் 204-ஆம் வீடு. இரு புறமும் கூட்டினால் 20,706 வரும். ஐயமுள்ளோர் கூட்டிப் பார்க்கலாம்.

அடுப்பருகே காய் கிளறிக்கொண்டிருந்த இராமானுசனிடம் அப்புதிரைப் படித்துக் காட்டினார். இராமானுசன் கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதன் முதல் உறுப்புகளில் 8 வீடுகளில் 6-ஆம் வீடும், 49 வீடுகளில் 35-ஆம் வீடும், 288 வீடுகளில் 204-ஆம் வீடும் அடங்கும். மேலும் மேலும் முடிவின்றிச் செல்லும் எல்லாத் தெருக்களும் அதில் அடங்கும்.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை தெளிந்தது. மகாலனோபிசுக்கு வேண்டியது அந்தத் தெருவின் விடை. இராமானுசனுக்கு வேண்டியது எல்லாத் தெருக்களுக்கும் பொதுவான விதி. ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்பதில்லை. எதில் தம் உள்ளம் தங்குகிறது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளியியல் என்ற சொல்லையே அந்நாளில் பொருட்படுத்தாத அவ்விளைஞரின் மனம் எத்திசை நோக்கியது என்பதை அத்தெருக்கணக்கு முன்கூட்டியே காட்டிவிட்டது.

கப்பலில் கிடைத்த கல்வி

1915-இல் விடுமுறைக்கு ஊர் திரும்ப எண்ணினார். அது முதல் உலகப் போர்க்காலம். பயணம் சில நாள் தாமதமாயிற்று. அந்நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தபோது, மெக்காலே என்னும் ஆசிரியர் பயோமெட்ரிகா என்ற இதழின் தொகுதிகளைப் பார்க்குமாறு கூறினார். உயிரினங்களை அளந்து, அவ்வளவைகளைக் கணிதத்தால் ஆராயும் இதழ் அது, 1901-இல் தொடங்கியது. சில பக்கங்களைப் புரட்டிய மகாலனோபிஸ் அதுவரை வந்த தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிவிட்டார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கரை சேரும்போது அவர் மனத்தில் புதியதோர் அறிவியல் குடிபுகுந்திருந்தது.

விடுமுறைக்கு வந்தவரைப் பிரசிடென்சி கல்லூரியார் இயற்பியல் பாடம் நடத்த அழைத்தனர். அவர் கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அக்கல்லூரியிலேயே இயற்பியல் கற்பித்து, இறுதியில் முதல்வராகி, 1948-இல் ஓய்வு பெற்றார்.

நண்பர்களே, இதனைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் புள்ளியியலுக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் மாதச் சம்பளம் வாங்கியது இயற்பியல் கற்பித்ததற்காக. புள்ளியியல் அவருக்குப் பட்டமும் தரவில்லை. தொடக்கத்தில் சோறும் போடவில்லை. மாலை வேளைகளிலும் விடுமுறைகளிலும் அவர் அதனை வளர்த்தார். கையில் உறுதியான ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, மறு கையால் விருப்பமான ஒன்றை நட்டு நீர் ஊற்றினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்பதும் அவருக்குத் துணை நின்றது. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

1917-இல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து தருமாறு அவரைக் கேட்டார். 1920-இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத் துறைத் தலைவர் ஆனண்டேல், ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவைகளைத் தந்து ஆராயச் சொன்னார். இரு மக்கட் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை, எவ்வளவு விலகியவை என்பதை எப்படி அளப்பது என்ற வினா அங்கே பிறந்தது. பல அளவைகளை ஒருங்கே எடுத்துக்கொண்டு, அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பையும் கழித்துத் தொலைவைக் கணிக்கும் முறையை அவர் வகுத்தார். 1936-இல் நிறைவடைந்த அம்முறை இன்றும் மகாலனோபிஸ் தொலைவு என்ற பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. கணிப்பொறியில் தரவுகளை வகைப்படுத்தும் இக்கால மாணவரும் அப்பெயரைச் சொல்லாமல் பாடத்தை முடிப்பதில்லை.

1923-இல் நிர்மலகுமாரியை மணந்தார். பெண்ணின் தந்தையாருக்கு இம்மணத்தில் உடன்பாடில்லை. மணமகனின் தாய்மாமனாகிய மருத்துவர் நீலரத்தன் சர்க்கார் முன்னின்று மணத்தை நடத்தி வைத்தார். கவிஞர் தாகூர் இவ்விருவர்க்கும் நெருங்கிய நண்பர். பத்தாண்டுக் காலம் விசுவபாரதியின் செயலாளராகவும் மகாலனோபிஸ் உழைத்தார்.

வெள்ளமும் கணக்கும்

புள்ளியியலால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு முதல் விடை வெள்ளத்தில் வந்தது. 1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தும் பெரும் தேக்கங்களை மிகுந்த செலவில் கட்டலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. மகாலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழையையும் வெள்ளத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரை புரண்டது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, ஆகவே கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் கூறினர். அறுபது ஆண்டுக் கணக்கைப் பார்த்த மகாலனோபிஸ் படுகை மேடிடவில்லை என்றும், மேற்பகுதியில் அணை கட்டி வெள்ளத்தை அடக்குவதே வழி என்றும் கூறினார். பல ஆண்டுகளுக்குப் பின் மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்குகள் ஓர் அடிப்படையாயின. அறையில் உட்கார்ந்து மழைக்குறிப்பைப் படித்த ஒருவர், ஆற்றங்கரையில் நின்ற பொறியாளர் காணாததைக் கண்டார்.

ஓர் அறையில் ஒரு கழகம்

பிரசிடென்சி கல்லூரி இயற்பியல் கட்டடத்தில் தம் அறையையே அவர் புள்ளியியல் ஆய்வுக்கூடமாக்கினார். 1931 டிசம்பர் 17-இல் சிலர் கூடி இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை. 1933-இல் சங்க்யா என்ற ஆராய்ச்சி இதழ் வெளிவந்தது.

கழகத்துக்கு ஆள் வேண்டும். புள்ளியியல் படித்தவர் நாட்டில் இல்லை. ஆகவே, அவர் கணிதம் படித்தவர்களைத் தேடிப் போனார். ராஜ சந்திர போஸ் என்பவர் தூய கணிதத்தில், அதுவும் வடிவியலில் தேர்ந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தாமும் படித்து, தம்பி தங்கையரையும் காப்பாற்றியவர். கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1932-இல் மகாலனோபிஸ் அவரை வீட்டுக்கே சென்று கண்டு கழகத்துக்கு அழைத்தார். தமக்குப் புள்ளியியல் தெரியாதே என்றார் போஸ். படிக்க வேண்டிய ஆய்வுரைகளின் பட்டியலொன்று அவர் கையில் தரப்பட்டது. கற்றுக்கொண்டார்.

அந்த போஸ் வயல்களில் உரச்சோதனை நடத்துவதற்கான சதுரக் கட்டங்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் வழியிலேயே சென்று, 1959-இல் ஷ்ரிகண்டே, பார்க்கர் என்னும் இருவருடன் சேர்ந்து, ஆய்லர் 1782-இல் கூறிய ஒரு கருத்து தவறென்று நிறுவினார். 177 ஆண்டுகள் கணிதர் எவரும் தீர்க்காத சிக்கல் அது. பிழைப்பைத் தேடிப் புள்ளியியலுக்கு வந்த கணிதர், புள்ளியியல் தந்த கருவியைக் கொண்டு கணிதத்துக்கே பெருந்தொண்டு செய்தார். இவ்விரு கலைகளுக்கும் இடையே பெருஞ்சுவர் இருப்பதாக எண்ணுவோர் இவர் வாழ்க்கையைப் படித்தல் வேண்டும்.

மற்றொருவர் சி. ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1940-இல் கணித முதுகலையில் முதல்வராகத் தேறியும் அவருக்கு வேலை அமையவில்லை. இராணுவத்தில் ஒரு கணக்குப் பணிக்காகக் கல்கத்தா வந்தார். அதுவும் கிட்டவில்லை. வந்த இடத்தில், புள்ளியியல் கழகத்தில் பயிற்சி பெறும் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தார். 1941-இல் தாமும் அங்கே சேர்ந்தார். அவ்வாண்டுதான் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. மகாலனோபிஸ் அதன் தலைவர். 1943-இல் அம்முதல் அணியில் ராவ் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1945-இல், அவர் எழுதிய ஆய்வுரை இன்று ஒவ்வொரு புள்ளியியல் மாணவனும் கற்கும் தேற்றங்களைத் தந்தது. 2023-இல் நூற்றிரண்டு வயது நிறைந்து மறைந்தார்.

கல்கத்தாவுக்கு வேலை தேடி வந்து வெறுங்கையோடு நின்ற ஒரு தெலுங்கு இளைஞரை எண்ணும்போது, ஹௌராவில் பெட்டியோடு இறங்கும் நம்மவர் முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

பானைச் சோறும் பரந்த நாடும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். மாதிரிக் கணக்கெடுப்பின் தத்துவம் அதுவே. ஆனால், பானைச் சோறு சமமாகக் கொதித்து வெந்தது. எங்கே எடுத்தாலும் ஒன்றுபோல் இருக்கும். நாடு அவ்வாறு வெந்த சோறன்று. ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் அரிசியாகவும் இருக்கும். அப்படிப்பட்ட பானையில் எத்தனை சோறு, எந்தெந்த இடத்தில், யார் கையால் எடுப்பது என்பதே மகாலனோபிஸ் தம் வாழ்நாளில் ஆராய்ந்த பெருவினா.

1937-இல் வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை மதிப்பிடும் பணி தொடங்கியது. கோடிக்கணக்கான நிலத்துண்டுகள். ஒவ்வொன்றையும் பார்ப்பதற்குப் பெரும்படை வேண்டும்; பெரும்பொருள் வேண்டும். அவர் சில இடங்களை மட்டும் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தார். எடுக்கும் கட்டத்தின் பரப்பு கூடினால் செலவு எவ்வளவு ஏறும், பிழை எவ்வளவு குறையும் என்று ஆண்டுக்காண்டு சோதித்தார். முழுக் கணக்கெடுப்பின் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே, நம்பத்தகுந்த மதிப்பீடு கிடைத்தது.

மனிதர் செய்யும் பிழையையும் அவர் மறக்கவில்லை. வயலுக்குப் போகாமலே ஏட்டை நிரப்பும் ஊழியர் எந்நாட்டிலும் உண்டு. ஆகவே, ஒரே பகுதிக்கு ஒருவரையொருவர் அறியாத இரு குழுவினரைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பினார். இரு விடைகளும் பெரிதும் வேறுபட்டால் எங்கோ தவறு உண்டு என்று தெரிந்துவிடும். விளைச்சலை அறியச் சிறு வட்டங்களில் பயிரை அறுத்துப் பார்த்தபோது, வட்டம் மிகச் சிறிதானால் மதிப்பீடு கூடுகிறது என்பதையும் கண்டார். ஓரத்தில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்வதே மனித இயல்பு. வட்டம் சிறிதாகும்போது ஓரத்தின் பங்கு பெரிதாகிறது. இதைச் சூத்திரம் மட்டும் கற்றவர் காண மாட்டார். வயல் வரப்பில் நின்றவரே காண்பார்.

1943-இல் வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலி கொண்டது. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் கழகத்தார் 15,000-க்கும் மேற்பட்ட கிராமக் குடும்பங்களை ஆராய்ந்தனர். உழவுக் கூலிகளும் மீனவரும் கைத்தொழிலாளரும் எவ்வாறு நிலத்தையும் கலத்தையும் இழந்து நொடிந்தனர் என்பது எண்களில் வெளிப்பட்டது. இறந்தவரை அவ்வெண்கள் மீட்கவில்லை. யார் இறந்தார், ஏன் இறந்தார் என்பதை மறைக்க முடியாமல் செய்தன.

1947-இல் பிரிவினையின்போது தில்லிச் செங்கோட்டையில் அகதிகள் தஞ்சம் புகுந்தனர். உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியவில்லை. உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர் தந்த கணக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. உள்ளே சென்று எண்ணவும் வழியில்லை. கழகத்தைச் சேர்ந்த ஜே. எம். சென்குப்தா ஒரு வழி கண்டார். ஒப்பந்தக்காரர் வழங்கியதாகக் காட்டிய உப்பின் அளவைக் கொண்டு ஆட்களைக் கணித்தார். விலையுயர்ந்த அரிசியைக் கூட்டி எழுதுவோர், மலிவான உப்பைக் கூட்டி எழுதுவதில் இலாபமில்லை அல்லவா? உப்பு உண்மை சொல்லிற்று. இத்தகைய கூர்மையைத் தேர்வுத்தாளில் சோதிக்க முடியாது. ஆனால் புள்ளியியலாளனுக்கு அதுவே உயிர்.

1945-இல் இலண்டன் ராயல் சொசைட்டி மகாலனோபிசை உறுப்பினராக்கிக் கொண்டது. 1949-இல் மத்திய அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1951-இல் மத்தியப் புள்ளியியல் நிறுவனம் எழுந்தது. 2019-இல் இவை ஒன்றாக்கப்பட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் என வழங்குகின்றன. 1956-இல் இந்நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி பாராநகரிலுள்ள கழகத்துக்கே வந்து சேர்ந்தது. 1959-இல் பாராளுமன்றச் சட்டத்தால் கழகம் நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாக்கப்பட்டு, பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது.

திட்டமும் திறனாய்வும்

நேரு அவர்கள் மகாலனோபிசிடம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை ஒப்படைத்தார். 1956 முதல் 1961 வரை நடந்த அத்திட்டத்தில் இரும்பு, இயந்திரம் முதலிய பெருந்தொழில்களுக்கு முதலிடம் தரப்பட்டது. இயந்திரம் செய்யும் இயந்திரம் நம்மிடம் இருந்தால்தான் பிற்காலத்தில் செல்வம் பெருகும் என்பது அவர் வகுத்த கணக்கு.

இக்கணக்கை அனைவரும் ஏற்கவில்லை. பொருளியல் அறிஞர் பி. ஆர். ஷெனாய் 1955-இலேயே மாறுபட்ட குறிப்பு எழுதினார். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உழவுக்கும் ஏற்றுமதிக்கும் உரிய கவனம் தரப்படவில்லை என்று பிற்காலத்தார் பலர் குறை கூறினர். பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது நிறையை மட்டும் எழுதுவது வழிபாடாகும், வரலாறாகாது. மழையையும் சணலையும் அளந்தபோது அவர் கணக்கை இயற்கையே சரி பார்த்தது. ஒரு நாட்டின் வருங்காலத்தைக் கணித்தபோது, கணக்கில் சேராத பல குறுக்கே நின்றன. சூத்திரம் எவ்வளவு செம்மையாயினும் அதன் அடியில் உள்ள எடுகோளைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னர், கல்கத்தாவில் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாள் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் எதைத் தேர்வது?

இனி நம் கேள்விக்கு வருவோம். அவர் காலத்தில் புள்ளியியல் ஒரு தொழில் அன்று, இன்று தொழில். 1961-இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. ரிசர்வ் வங்கியில் தனித் துறை இருக்கிறது. மருந்துச் சோதனை, காப்பீடு, சந்தை ஆய்வு, கணிப்பொறி நிறுவனங்கள் எனப் பல வாயில்கள் உள்ளன.

புள்ளியியல் பணித் தேர்வு எழுத, இளநிலைப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருத்தல் வேண்டும். அல்லது அதில் முதுகலை பெற்றிருத்தல் வேண்டும். வெறும் கணிதப் பட்டம் போதாது. ஆகவே, கணிதம் எடுக்கும் தம்பியர், நம் கல்லூரிகளில் அல்லைட் என்று வழங்கும் துணைப்பாடத்தில் புள்ளியியலைத் தேர்ந்துகொள்ளலாம். அது தகுதிக்குப் போதுமா என்பதைத் தேர்வு அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளியில் கணித ஆசிரியராக விரும்புவோர்க்குக் கணிதப் பட்டமே நேர்வழி. காப்பீட்டுக் கணிப்பாளர் தேர்வுகளை இரு சாராரும் எழுதலாம்.

மற்றொன்றும் சொல்வேன். கணிதத்திலிருந்து புள்ளியியலுக்கு வருவது எளிது. போசும் ராவும் அவ்வாறே வந்தனர். இயற்கணிதமும் பகுப்பாய்வும் ஆழக் கல்லாமல் புள்ளியியலிலிருந்து கணிதத்துக்குச் செல்வது கடினம். ஆகையால், பதினேழு வயதில் மனம் துணியாதவர், முதல் மூன்றாண்டு கணிதத்தில் அடித்தளம் இட்டு, முதுகலையில் பிரிவது தாழ்வன்று. நானும் அவ்வழியில் வந்தவனே. ஆனால், வீட்டு நிலை மூன்றாண்டுக்கு மேல் பொறுக்காது என்றால், புள்ளியியல் பட்டமும் கணிப்பொறிப் பயிற்சியும் விரைவில் வேலை தரக்கூடும். அவ்வாறு தேர்வதில் நாணத்தக்கது எதுவும் இல்லை.

தேற்றத்தின் நிறுவலை முடித்தபின் தூக்கம் இனிக்கிறதா, அல்லது இந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார், நம்பலாமா என்ற ஐயம் தூங்கவிடாமல் செய்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முன்னது கணிதத்தின் அழைப்பு. பின்னது புள்ளியியலின் அழைப்பு. விண்ணப்பத்தை நிரப்பும் முன்னர் இரு துறைகளின் முதலாண்டுப் பாடநூல்களையும் நூலகத்தில் எடுத்து ஒரு வாரம் படியுங்கள். ஐயம் எழுந்தால் மன்றத்து அறைக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் நானும் மூத்த மாணவர் சிலரும் அங்கே இருப்போம்.